குப்பைக்கு வந்த மரியாதை

குப்பையிலே கிடந்தாலும் குன்றிமணி மங்காது என்பது தமிழ்மக்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. குன்றிமணியின் பெருமையை உரைக்கும் இப்பழமொழி, குப்பையைக் கிளறி அதனைக் கண்டெடுத்த கையைப் பற்றி ஒன்றும் உரைப்பதில்லை. எறியப்பட்ட பொருள்களைக் கொண்டு கலைப்படைப்புகளை ஆக்குவதற்கென உலகின் பல நகரங்களிலும் இன்று நடத்தப்பட்டுவரும் கலைஞர் வதிவுத் திட்டங்களைப் போற்றி எழுதுவோரும் பெரும்பாலும் இப்பழமொழியின் வழியிலேயே நிற்கின்றனர். பொருள் மீண்ட கதை சொல்லப்படுகின்றது. கலைஞரின் கண் பெற்ற வெற்றி சொல்லப்படுகின்றது. அப்பொருளை வீட்டு வாசலிலிருந்து சுமந்து சென்ற மனிதர் அக்கதையில் இடம்பெறுவது அரிது.

கலைஞர் வதிவுத் திட்டம் என்பது யாது? ஓவியர், சிற்பி முதலாய கலைஞர் ஒருவரை ஒரு நிறுவனமோ நகரசபையோ சமூக நிலையமோ சில வாரங்களுக்கு அல்லது மாதங்களுக்குத் தன்னிடத்தில் அமர்த்தி, வேலைக்கூடமும் கருவிகளும் உதவிப்பணமும் வழங்கி, அவ்விடத்தோடு தொடர்புகொண்டு படைக்குமாறு கேட்பதே அது. கழிவுப்பொருட் கலையில் இதனோடு இன்னுமொரு நிபந்தனை சேர்கின்றது. எறியப்பட்டவற்றிலிருந்தே படைப்பு எழுதல் வேண்டும் என்பதே அது. இறுதியிற் கண்காட்சி ஒன்று நிகழும். பாடசாலை மாணவர் வரிசையாக வந்து பார்த்துச் செல்வர்.

இத்திட்டங்களின் சார்பில் எடுத்துரைக்கப்படும் நியாயங்கள் மூன்று. பொருள்கள் அழிவிலிருந்து காக்கப்படுகின்றன என்பது ஒன்று. நுகர்வின் விளைவுகளை மக்கள் கண்ணாரக் கண்டு உணர்கின்றனர் என்பது மற்றொன்று. கலை அதன் மாளிகையை விட்டிறங்கிச் சமூகத்தினிடம் வருகின்றது என்பது மூன்றாவது. இவற்றுள் எதுவும் முழுப்பொய் அன்று. ஆயினும் எதுவும் முழு உண்மையும் அன்று. எந்தப் பொருளும் கழிவாகப் பிறப்பதில்லை. ஒருவர் அதனை எறிகின்றார். வேறொருவர் அதனை அள்ளுகின்றார். எறிவதற்கு உரிமையும் அள்ளுவதற்குக் கடமையும் யார் யாருக்கு வகுக்கப்பட்டுள்ளன என்பதைச் சமூகம் தீர்மானிக்கின்றது. எனவே கழிவு என்பது மனிதருக்கிடையிலான உறவு ஒன்றின் பெயர். அவ்வுறவை மறைத்துவிட்டுப் பொருளை மட்டும் மேடையேற்றும் கலை, எத்துணை அழகுடையதாயினும், அந்த உறவை நிலைநிறுத்துவதற்கே துணைபோகின்றது.

எறியப்பட்ட பொருள் கலைக்குள் நுழைந்த வரலாறு ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்டது. 1912ஆம் ஆண்டிற் பிக்காசோ நாற்காலிப் பின்னல் அச்சிடப்பெற்ற எண்ணெய்த்துணியைத் தமது ஓவியமொன்றில் ஒட்டி, அதற்குக் கயிற்றினாற் சட்டமிட்டார். முதலாம் உலகப்போரின் முடிவில், 1919ஆம் ஆண்டளவில், ஜேர்மனியின் ஹனோவர் நகரத்தைச் சேர்ந்த கேர்ட் ஷ்விற்றர்ஸ் பயணச்சீட்டுகள், கடதாசித் துண்டுகள், மரச்சிம்புகள் முதலியவற்றை ஒட்டித் தமது படைப்புகளை ஆக்கினார். அவற்றுக்கு அவர் சூட்டிய ‘மெர்ஸ்’ என்ற பெயர், வாணிபம் எனப் பொருள்படும் ஜேர்மன் சொல்லொன்றிலிருந்து வெட்டியெடுக்கப்பட்ட துண்டாகும். உடைந்துபோன ஓர் உலகத்தின் முன்னால் நின்று, உயர்ந்த பொருளால் உயர்ந்த கலை என்ற கொள்கைக்கு எதிராக எழுப்பப்பட்ட கலகக் குரல் அது. இன்றைய வதிவுத் திட்டம் அக்கலகத்தின் உடையை அணிந்துகொண்டுள்ளது. கலகம் எவருக்கு எதிரானது என்ற கேள்வி மட்டும் உடை மாற்றும்போது எங்கோ தவறிவிட்டது.

இத்தகைய திட்டங்களுள் முன்மாதிரியாக எங்கும் எடுத்துக்காட்டப்படுவது ஐக்கிய அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரத்துத் திட்டமாகும். அதன் தோற்றம் மதிப்புக்குரியது. ஜோ ஹான்சன் என்னும் பெண் கலைஞர் 1970களில் தமது வீட்டு வாசலிற் சேர்ந்த குப்பையைத் தாமே கூட்டத் தொடங்கினார். கூட்டியதை ஆராய்ந்தார், சேர்த்து வைத்தார், காலப்போக்கில் அதனையே தமது கலையின் பொருளாக்கினார். அவருடைய முயற்சியின் பயனாக, இன்று றீகொலொஜி எனப் பெயர்கொண்டுள்ள கழிவகற்றும் கொம்பனி 1990ஆம் ஆண்டில் தனது கழிவு மாற்றுநிலையத்திலேயே கலைஞர் வதிவுத் திட்டமொன்றைத் தொடங்கிற்று. தெரிவுசெய்யப்படும் கலைஞர் நான்கு மாதம் அங்கு பணிபுரிவர். நகரமக்கள் கொண்டுவந்து கொட்டும் பொருள்களிடையே சில்லுவண்டியைத் தள்ளிச்சென்று வேண்டியதைப் பொறுக்கிக்கொள்ளும் உரிமை அவர்களுக்கு உண்டு. வேலைக்கூடமும் உதவிப்பணமும் உண்டு. நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட கலைஞர் இதுகாறும் இத்திட்டத்திற் பங்குகொண்டுள்ளனர். நிலையத்தை அடுத்துச் சிற்பப் பூங்கா ஒன்றும் உருவாகியுள்ளது. அங்கு ஆக்கப்பட்டவற்றிற் பல உயர்ந்த படைப்புகள் என்பதை மறுப்பதற்கில்லை.

ஆனால் திட்டத்தின் அமைப்பு கலைஞர்களின் திறமையிலிருந்து வேறாகவே எடைபோடப்படல் வேண்டும். இயற்கை வளங்களைக் காத்தல், கலையைப் பற்றியும் சூழலைப் பற்றியும் மக்களைப் புதிதாகச் சிந்திக்கச் செய்தல் என்பனவே அதன் நோக்கங்களாகக் கூறப்படுகின்றன. வந்து பார்ப்பவர் தமது வீட்டுக் குப்பைக் கூடையை எண்ணி வெட்கமடைந்து வீடு திரும்புகின்றார். அவ்வெட்கம் நல்லதுதான். ஆயின் மூன்று மாதத்திற் பழுதடையும் பொருளை உற்பத்திசெய்து விற்றவர் அந்த வெட்கத்திற் பங்குகொள்வதில்லை. குப்பை குவியக் குவிய வருமானம் பெறும் கழிவுத்தொழிலின் கணக்கும் காட்சியில் இடம்பெறுவதில்லை. கலைஞர் நான்கு மாதத்திற் பொறுக்கியெடுப்பது, அங்கு நாடோறும் வந்து கவிழும் லொறிகளின் சுமைக்கு முன்னால் ஒரு பிடி மணல். அந்த ஒரு பிடி மணலைக் காட்டி ஒரு கடற்கரை காக்கப்பட்டதாகச் சொல்வது கலையன்று, விளம்பரம்.

இது வெறும் ஐயமன்று. 1932ஆம் ஆண்டின் நகரச் சட்டமொன்றின் வழியாகச் சான் பிரான்சிஸ்கோவிற் குப்பை அள்ளும் உரிமை நீண்டகாலம் போட்டியின்றி ஒரே தரப்பினர் கையில் இருந்துவந்தது. 2021ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், நகரமக்களிடமிருந்து மிகையாக அறவிடப்பட்ட கட்டணத்தின் பொருட்டு, வட்டியும் தண்டமும் உட்பட ஏறத்தாழ 10 கோடி டொலரைச் செலுத்த இக்கொம்பனி உடன்பட்டது. அதே ஆண்டு செப்ரெம்பரில், நகரப் பொதுவேலைப் பகுதியின் முன்னாள் தலைவருக்குக் கையூட்டு வழங்கச் சதிசெய்தமை தொடர்பான வழக்கில், அதன் மூன்று துணை நிறுவனங்கள் 3 கோடியே 60 லட்சம் டொலர் தண்டப்பணம் செலுத்த ஒப்புக்கொண்டன. இதில் வதிவுக் கலைஞர்களுக்கு எவ்விதப் பங்கும் இல்லை. அவர்கள்மீது பழி சுமத்துவது நேர்மையன்று. கவனிக்கவேண்டியது வேறு. ஒரு நகரத்தின் கழிவைப் பற்றி மக்களைச் சிந்திக்கச் செய்வதாக முப்பது ஆண்டுகள் நடந்த கலைத்திட்டமொன்று, அந்தக் கழிவை அகற்றுவதற்கு மக்கள் கொடுத்த பணம் எங்கே சென்றது என்ற கேள்வியைக் கேட்கும் நிலையில் இருக்கவில்லை. அக்கேள்வியை வழக்குத் தொடுநரே கேட்கவேண்டியிருந்தது. வேலைக்கூடத்துக்கு இடங்கொடுத்தவரே விசாரிக்கப்படவேண்டியவராகவும் இருக்கும்போது, கலைக்கு எஞ்சும் பொருள் குப்பை ஒன்றுதான்.

இதற்கு மாறான ஒரு வழி இருந்ததா என வினவலாம். இருந்தது, அதுவும் இத்திட்டத்துக்கு முன்னரே இருந்தது. 1968ஆம் ஆண்டு பெப்ரவரி முதலாந் திகதி, ஐக்கிய அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத்தில் மழைக்கு ஒதுங்கிய கறுப்பினத் துப்புரவுத் தொழிலாளர் இருவர் குப்பை லொறியின் நெரிபொறிக்குள் அகப்பட்டு மாண்டனர். அதனைத் தொடர்ந்த வேலைநிறுத்தத்தில், தாமும் மனிதரே என்ற வாசகத்தை எழுதிய அட்டைகளைக் கழுத்திலே தொங்கவிட்டுத் தொழிலாளர் ஊர்வலம் சென்றனர். அவர்களுக்கு ஆதரவு தர வந்திருந்த வேளையிலேயே, ஏப்ரல் 4ஆம் திகதி, மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக்கொல்லப்பட்டார். அதே பெப்ரவரியில் நியூயோர்க் நகரத் துப்புரவுத் தொழிலாளரின் வேலைநிறுத்தம் ஒன்பது நாள் நீடித்து, நகரம் குப்பைமேடாயிற்று. குப்பை அள்ளுவோர் இல்லையேல் நகரம் இல்லை என்ற உண்மை எவர் கண்ணுக்கும் தப்பமுடியாத காலம் அது.

அதற்கு அடுத்த ஆண்டில், அண்மையிலே தாயாகியிருந்த மியேர்லே லேடர்மன் யூக்கெல்ஸ் என்ற நியூயோர்க் கலைஞர், பராமரிப்புப் பணியையே கலையாகப் பிரகடனஞ் செய்யும் அறிக்கை ஒன்றை எழுதினார். சமைத்தல், கழுவுதல், கூட்டுதல், குப்பை அகற்றுதல் என்னும் முடிவற்ற வேலைகளாலேயே உலகம் தினமும் நிலைநிற்கின்றது. புதுமையைப் படைப்பவருக்குப் புகழும் அதனைக் காத்துவைப்போருக்கு இழிவும் வழங்கப்படுவது ஏன் என்பதே அவர் எழுப்பிய வினா. 1977ஆம் ஆண்டில் அவர் நியூயோர்க் நகரத் துப்புரவுப் பகுதியின் வதிவுக் கலைஞரானார்; சம்பளம் கிடையாது. நகரத்தின் நிதி நெருக்கடியினால் தொழிலாளர் வேலையிழந்து, எஞ்சியோர் மக்களின் ஏச்சுக்கு ஆளாகியிருந்த வேளை அது.

அங்கு அவர் முதலிற் செய்தது குப்பையைப் பொறுக்குவதன்று. 1979, 1980ஆம் ஆண்டுகளில், ஏறத்தாழ பதினொரு மாதம் நகரத்தின் எல்லாப் பகுதிகளுக்கும் சென்று, 8,500 துப்புரவுத் தொழிலாளர் ஒவ்வொருவரையும் நேரிற் கண்டு, கைகுலுக்கி, நகரத்தை உயிருடன் வைத்திருப்பதற்காக நன்றி கூறினார். இரவு வேலைக்காரரோடு இரவிலும், விடியற்கால வேலைக்காரரோடு விடியலிலும் நடந்தார். அவர்கள் சொன்னவற்றைக் கேட்டார். தெருவிலே தம்மீது வீசப்படும் இழிசொற்களை அவர்கள் சொன்னபோது, அச்சொற்களை மறக்கவில்லை. 1984ஆம் ஆண்டுக் கண்காட்சியில் அவ்விழிசொற்கள் கண்ணாடிமீது எழுதப்பட்டன. நகரத்தின் பல துறையினரும் அழைக்கப்பட்டு, அவர்கள் கையாலேயே அவை கழுவித் துடைக்கப்பட்டன. அழுக்கு எங்கே இருக்கின்றது என்பதை இதைவிடத் தெளிவாக உரைத்த கலை நிகழ்ச்சி வேறு இருத்தல் அரிது.

பழையன கொண்டு புதியன புனையும் கலையையும் யூக்கெல்ஸ் செய்யாமலில்லை. 1988ஆம் ஆண்டில் அவர் எழுப்பிய தோரணவாயில் ஒன்று, நகரத் தொழிலாளர் அணிந்து கழித்த வேலைக் கையுறைகளால் நிறைந்தது. அக்கையுறைகளும் மீள்பயன்பாட்டுப் பொருள்களே. ஆயின் சான் பிரான்சிஸ்கோ மாற்றுநிலையத்திற் பொறுக்கப்படும் பழைய விளையாட்டுப் பொம்மைக்கும் இக்கையுறைக்கும் இடையே பெரும் வேறுபாடு உண்டு. பொம்மை, எறிந்தவரின் வாழ்வைக் காட்டுகின்றது; கையுறை, அள்ளியவரின் வாழ்வைக் காட்டுகின்றது. ஒரே குப்பைமேட்டிலிருந்து இரு வரலாறுகளை எழுதலாம். எந்த வரலாற்றை எழுதுவது என்பதிலேயே கலைஞரின் நிலைப்பாடு வெளிப்படுகின்றது.

மீள்பயன் கலையின் பொருள் அதன் பிறப்பிடத்தோடு பிணைந்திருத்தல் வேண்டும் என்பதற்கு லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் வாட்ஸ் பகுதி மற்றொரு சான்று. இத்தாலியிலிருந்து குடியேறிய சைமன் றோடியா என்ற தொழிலாளி, 1921 முதல் 1954 வரை, உடைந்த ஓட்டுத் துண்டு, போத்தற் கண்ணாடி, கிளிஞ்சல், இரும்புக் கம்பி என்பவற்றைக் கொண்டு தனியொருவராய்க் கோபுரங்களை எழுப்பிய இடம் அது. வறிய கறுப்பின மக்கள் செறிந்து வாழ்ந்த அப்பகுதியில் 1965ஆம் ஆண்டு ஓகஸ்டில் எழுந்த கிளர்ச்சியில் 34 பேர் உயிரிழந்தனர், கடைத்தெருக்கள் எரிந்தன. அக்கோபுரங்களை அண்டிய கலை நிலையத்தில் அப்பகுதிப் பிள்ளைகளுக்குக் கலை கற்பித்துக்கொண்டிருந்த நோவா பியூரிபோயும் ஜட்சன் பவலும் எரிந்து உருகிய இடிபாடுகளைச் சேகரித்தனர். அவற்றிலிருந்து ஏனைய கலைஞரையும் சேர்த்துக்கொண்டு ஆக்கிய படைப்புகள் 1966ஆம் ஆண்டில் முதலில் அப்பகுதிப் பாடசாலை ஒன்றிலேயே வைக்கப்பட்டன. உருகிய நியோன் விளக்கின் துளி அங்கே வெறும் மூலப்பொருளாக இருக்கவில்லை. பார்க்க வந்தவர் அந்தத் தெருவில் வாழ்ந்தவர். அந்தத் தீயைக் கண்டவர். பொருளின் வரலாறும் பார்ப்பவரின் வரலாறும் ஒன்றாயிருந்தன. சமூகக் கலை என்ற பெயருக்கு உரிமை கோரத்தக்கது இதுவே.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழுதல் இயல்பு. தொழிலாளரைக் கலைக்குள் அழைத்துவந்து பயன்பெறச் செய்த திட்டங்களும் உளவே, பிறேசில் நாட்டு எடுத்துக்காட்டை மறந்துவிடலாமா என்பது அம்மறுப்பு. மறந்துவிட வேண்டியதில்லை. விக் முனிஸ் என்ற கலைஞர் றியோ டி ஜெனிரோவை அடுத்த ஜார்டிம் கிரமாஷோ என்னும் பெருங் குப்பைமேட்டில், மீள்பயன் பொருள்களைப் பொறுக்கி விற்று வாழ்ந்தோருடன் சில ஆண்டுகள் பணியாற்றினார். அவர்களின் உருவப்படங்களைப் பெரியதொரு மண்டபத் தரையிலே குப்பையால் நிரப்பி, மேலிருந்து படம்பிடித்தார். பொறுக்குவோரே கூலி பெற்று அந்நிரப்பும் வேலையைச் செய்தனர். அவர்களுடைய சங்கத் தலைவரின் படம் இலண்டன் ஏலத்தில் விலைபோயிற்று. பணம் சங்கத்துக்குச் சென்றது. 2010இல் வெளிவந்த இது பற்றிய விவரணப்படம் உலகெங்கும் பார்க்கப்பட்டது. கலைஞரின் நல்லெண்ணத்தை இங்கே ஐயுறவேண்டியதில்லை.

ஆயின் அக்கதையிற் பொதுவாகக் கவனிக்கப்படாத பகுதி ஒன்று உண்டு. கலைஞர் அங்கு சென்றபோது அம்மக்கள் கலைஞருக்காகக் காத்திருந்த அநாதைகள் அல்லர். அவர்களுக்கு ஏற்கெனவே ஒரு சங்கம் இருந்தது. நாடு தழுவிய ஓர் இயக்கம் 2001ஆம் ஆண்டிலேயே தோன்றியிருந்தது. 2002ஆம் ஆண்டில் அவர்களுடைய தொழில் அரசாங்கத்தின் தொழில்வகைப் பட்டியலில் இடம்பெற்றிருந்தது. 2010ஆம் ஆண்டின் தேசிய திண்மக்கழிவுச் சட்டம் அவர்களைப் பெயர்சுட்டிக் கூறிற்று. 2012ஆம் ஆண்டில் அக்குப்பைமேடு மூடப்பட்டபோது, அங்கு வாழ்வு நடத்திய ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நட்டஈடு பெற்றமைக்கு அவர்களின் அமைப்புரீதியான பேரமே அடிப்படை. கலை அவர்களுக்குப் பணத்தையும் உலகின் கண்களையும் கொண்டுவந்தது. உரிமையைக் கொண்டுவந்தவர்கள் அவர்களேயாவர். ஜார்டிம் கிரமாஷோவின் வெற்றி, ஒன்றுபட்ட தொழிலாளரிடம் கலை சென்று சேர்ந்ததனாற் கிடைத்த வெற்றி. சங்கம் இல்லாத இடத்தில் அதே படம் அதே விலைக்குப் போயிருக்கலாம். சுவரிலே தொங்கியவர் மட்டும் மறுநாட் காலை மீண்டும் குப்பைமேட்டுக்கே சென்றிருப்பார்.

வேறொரு மறுப்பும் உண்டு. அது பல்கலைக்கழகங்களின் விரிவுரை மண்டபங்களிற் பலகாலம் கேட்ட குரல். தொழிற்சங்கத்தின் வேலையைக் கலையின் தலையிற் கட்டலாமா, அழகு தனக்கெனவே வாழக்கூடாதா என்பது அக்குரல். தனியறையில் அமர்ந்து தன் மனத்துக்காக வரையும் ஓவியரிடம் எவரும் இக்கணக்கைக் கேட்கப்போவதில்லை. ஆனால் வதிவுத் திட்டம் தன்னைச் சமூகக் கலை எனத் தானே அழைத்துக்கொள்கின்றது. சமூகத்தின் பெயராலேயே பணமும் இடமும் பெறுகின்றது. பெயரை எடுத்துக்கொண்டவர் அதன் கடனையும் ஏற்றல் வேண்டும். சமூகம் என்ற சொல்லை அழைப்பிதழில் அச்சிட்டுவிட்டு, சமூகத்தைப் பற்றிக் கேட்கும்போது கலையின் சுதந்திரத்துக்குள் ஒளிந்துகொள்வது அறிவுலக நேர்மையன்று.

இவ்விவாதம் இலங்கைத் தமிழ் மாணவருக்குத் தொலைதூரத்து விவாதமன்று. பேராதனையிலிருந்து சில மைல் தொலைவிலே, கண்டி நகரின் மகியாவையில், பிரித்தானியர் ஆட்சிக் காலத்தில் நகரத் துப்புரவுக்கெனத் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளரின் வழித்தோன்றல்கள் வாழ்கின்றனர். ஆட்சி மாறிற்று, அரசியலமைப்புகள் மாறின, தீண்டாமை எனும் பெயரால் ஒதுக்கப்பட்ட சாதிகளிலிருந்து அன்று இத்தொழிலுக்கு ஆள் திரட்டப்பட்ட முறையின் நிழல் முற்றாக மறைந்துவிடவில்லை. தோட்டத் தொழிலாளரைப் பற்றி எழுதப்பட்ட அளவிற் பத்திலொரு பங்குதானும் நகரத்தைக் கூட்டும் இத்தொழிலாளரைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டதா என்று தமிழ் இலக்கிய மாணவர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்வது நன்று. 2017ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டு நாளிலே, கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லையிற் குப்பைமலை சரிந்து வீடுகளை மூடியபோது 30க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பல ஆண்டுகளாக அக்குப்பைமலைக்கு எதிராகக் குரலெழுப்பி வந்தவர்கள் அதன் அடியில் வாழ்ந்த மக்களேயாவர். எறிந்த நகரம் அன்று பொங்கலிட்டுப் பால்சோறு சமைத்துக்கொண்டிருந்தது.

மீள்பயன்பாடு என்ற விழுமியத்தையும் இங்கு சற்று நிதானமாகவே போற்றுதல் வேண்டும். 1990களில் யாழ்ப்பாணம் பொருளாதாரத் தடைக்குள் வாழ்ந்தபோது, ஜாம் போத்தலுக்குள் சிறிதளவு மண்ணெண்ணெயும் மெல்லிய திரியும் இட்டு எரிந்த விளக்கின் ஒளியிலே மாணவர் பரீட்சைக்குப் படித்தனர். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். எதுவும் எறியப்படவில்லை, எறிவதற்கு எதுவும் இருக்கவில்லை என்பதால். அந்த விளக்கில் மனிதரின் அறிவுக்கூர்மை உண்டு. அதனை எவரும் மறுக்கார். ஆயினும் அதனை ஆக்கியவர் எவரும் அந்நிலை நீடிக்க விரும்பியவரல்லர். இல்லாமையினால் மீளப் பயன்படுத்துவோரும், மிதமிஞ்சி வைத்திருப்பதனால் மீளப் பயன்படுத்தி மகிழ்வோரும் ஒரே அறத்தைக் கடைப்பிடிப்பதாகச் சொல்லும் கண்காட்சி இருவரில் ஒருவரை ஏமாற்றுகின்றது. தெருத்தெருவாகப் பழைய போத்தலும் பழைய பேப்பரும் கேட்டுவரும் வியாபாரி நாடோறும் செய்யும் மீட்பு வேலைக்கு எக்கண்காட்சியிலும் அடிக்குறிப்புக்கூட எழுதப்படுவதில்லை.

எனவே கழிவுப்பொருட் கலை வேண்டாம் என்பதா முடிவு? அன்று. இத்தகைய வதிவுத் திட்டமொன்று இந்நாட்டின் பல்கலைக்கழகத்திலோ நகரசபையிலோ தொடங்கப்படுமாயின், அது தொடக்கத்திலேயே சில கேள்விகளுக்கு விடை கூறுதல் வேண்டும். கலைஞருக்கு உதவிப்பணம் வழங்கப்படும் நாள்களில், அவருக்குப் பொருள் தேடிக்கொடுத்து, தன் அனுபவத்தையும் சொல்லும் தொழிலாளியின் நேரத்துக்கு ஊதியம் உண்டா? கலைஞரைத் தெரிவுசெய்யும் குழுவிலே துப்புரவுத் தொழிலாளரின் பிரதிநிதி ஒருவர் அமர்வாரா, அன்றிப் பேராசிரியரும் கொடையாளரும் மட்டுமே அமர்வரா? கண்காட்சி முதலில் எங்கே திறக்கப்படும், குளிரூட்டிய மண்டபத்திலா, தொழிலாளர் குடியிருப்பின் சனசமூக நிலையத்திலா? பணம் கொடுக்கும் நிறுவனம் ஆண்டுதோறும் எவ்வளவு பிளாத்திக்கைச் சந்தைக்கு அனுப்புகின்றது என்பது படைப்பின் அருகிலே எழுதிவைக்கப்படுமா? இக்கேள்விகளுக்கு விடை கூற மறுக்கும் திட்டம், சமூகம் என்ற சொல்லைத் தன் பெயரிலிருந்து நீக்கிக்கொள்ளட்டும். அதன்பின் அது விரும்பியதைப் படைக்கலாம்.

இதனாற் கலையின் தரம் தாழ்ந்துவிடும் என அஞ்சுவோர் யூக்கெல்ஸின் கையுறைத் தோரணத்தை மீண்டும் எண்ணிப்பார்ப்பாராக. அதன் அழகு, அதனை அணிந்த கைகளினின்று பிரித்தெடுக்க முடியாதது. உழைப்பின் தடம் பொருளின்மேற் பதிந்திருப்பதை அழித்துத் துடைத்தபின் காட்டப்படும் அழகு பாதி அழகே. பொருளை மட்டுமன்றி, அப்பொருளைத் தொட்ட கைகள் அனைத்தையும் பார்க்கக் கற்பிப்பதே கழிவுப்பொருட் கலை செய்யக்கூடிய பெரும் பணி. வேறெந்தக் கலைவடிவத்துக்கும் இப்பணிக்கு இத்துணை வாய்ப்பு இல்லை. ஏனெனில் வேறெந்தக் கலையின் மூலப்பொருளும் இத்தனை கைகளைக் கடந்து வருவதில்லை. இவ்வாய்ப்பைக் கைவிட்டுவிட்டுப் போத்தல் மூடிகளால் மயில் செய்து மகிழ்வது கலைக்கே செய்யும் துரோகமாகும்.

குப்பை உயரும், கோபுரம் தாழும் என்றும் தமிழிலே ஒரு பழமொழி உண்டு. குப்பை இன்று உயர்ந்துவிட்டது. அருங்காட்சியகத்தின் பளிங்குத் தரைவரை ஏறிவிட்டது. அதனை அங்கே கொண்டுசென்ற கதவால், அதைச் சுமந்தவர் உள்ளே வருவதற்கு இன்னும் அனுமதிச்சீட்டு வேண்டியிருக்கின்றது. அக்கதவைத் திறந்துவைக்க இயலாத கலைஞர், எத்தனை குன்றிமணிகளைக் கண்டெடுப்பினும், குப்பையை இடம் மாற்றியவராகவே வரலாற்றில் எஞ்சுவார்.